அப்படியே எழுதட்டுமா?

திருப்புதல் தேர்வு, அறிவியல் தாள். கற்றல் குறைபாடுள்ள என் மாணவன் சொல்வதை எழுதுபவராக உட்கார்ந்திருந்த ஆசிரியை வாசலுக்கு வந்து கேட்டார்: "மேடம், அவன் சொல்றத அப்படியே எழுதட்டுமா? 'மரத்த வெட்டிட்டா மழத்தண்ணி மண்ண அரிச்சிட்டுப் போயிரும்'னு சொல்றான்."

"புத்தகத் தமிழ்ல எழுதுங்க டீச்சர். கருத்த மாத்தாதீங்க" என்றேன்.

விடைத்தாளில் 'மண் அரிப்பு ஏற்படும்' என்றிருந்தது. இரண்டுக்கு இரண்டு. அதை அவனுக்கு வாசித்துக் காட்டியபோது, "மண் அரிப்புன்னா என்ன மிஸ்?" என்று கேட்டான்.

அவன் சொல்ல இன்னொருவர் எழுதும் சலுகையைக் கேட்டது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் இல்லாத கற்றல் குறைபாடு, 2016 சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றாக வந்தது. அவனுக்கு அறிவியல் தெரியும், எழுத்துதான் வசப்படவில்லை. 'பொருள்' எழுதும்போது துணைக்கால் விட்டுப்போய் 'பெருள்' ஆகிவிடும். ஒற்றைக்கொம்பை எழுத்துக்கு முன்னால் போட்டுவிட்டு ஒலியைப் பின்னால் சொல்ல வேண்டும். ஒகரத்துக்கோ இரண்டு பக்கமும் குறி. கடல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே 'க', ஒலி மட்டும் வேறு வேறு. இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழிப்பவர்களைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது.

ஆனால் நான் யோசிக்காமல் விட்டது வேறு. எழுத்துத் தமிழ் வாசித்து வாசித்துத்தான் காதில் ஏறும். வாசிக்க முடியாத பிள்ளைக்கு அது ஏறியிருக்காது. அவன் வாயில் வருவது வீட்டுத் தமிழ்தான். 'போயிரும்' என்பதைப் 'போய்விடும்' என்று எழுதினால் அது எழுத்துத் திருத்தம், அவ்வளவுதான். 'மண் அரிப்பு' அவன் சொல்லாத கலைச்சொல். இந்தக் கோடு எங்கே என்று சொல்லாமல் 'கருத்த மாத்தாதீங்க' என்றால், பாவம், அந்த ஆசிரியை என்ன செய்வார்?

சொல்லி எழுதவைப்பதும் பழக வேண்டிய வேலை. ஒன்பதாம் வகுப்பிலேயே, தினம் 15 நிமிடமாவது, தொடங்கியிருக்க வேண்டும். கேள்வியை இரண்டு முறை வாசிக்க வேண்டும். முதலில் தன் பேச்சில் பதில் சொல்லட்டும். பிறகு அந்தப் பாடத்தின் ஐந்து கலைச்சொற்களில் எது இங்கே பொருந்தும் என்று அவனே எடுக்கட்டும். அதைச் சேர்த்து, மூச்சு விடாமல் சொல்லக்கூடிய சின்ன வாக்கியமாகச் சொல்லட்டும். எழுதியதை வாசித்துக் காட்டி, 'சரி' என்று அவன் சொன்ன பிறகே அடுத்த வாக்கியம். கூடுதலாகத் தரும் ஒரு மணி நேரம் இதற்குத்தான். பழகாத பிள்ளைக்கு அந்த நேரம் சும்மா போகும். எழுதுபவர் பொறுமையிழந்து தாமே வாக்கியத்தை முடித்துவிடுவார்.

பாதி ஆண்டு போனபின் அவன் என்னிடம் வந்தான், 35 எடுத்தால் போதும் என்ற நிலை, என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையும்தான். தேறாமல் போனால் அந்தக் கலைச்சொல்லைக் கற்றுத்தர அவன் பள்ளியில் இருப்பானா?

அடுத்த திருப்புதலுக்கு முன் ஆசிரியையிடம் சொன்னேன்: "வினைமுற்ற மாத்தலாம் டீச்சர். அவன் சொல்லாத சொல்லச் சேர்க்க வேண்டாம்."

"மார்க் போயிருமே மேடம்" என்றார்.

போனது. அதே மாதிரிக் கேள்விக்கு இரண்டுக்கு ஒன்று. "நான் சொன்னது தப்பா மிஸ்?" என்றான். தப்பில்லை என்றேன். அப்போ ஏன் ஒன்று என்று அவன் கேட்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.