கொடியசைக்கும் நேரம்

வேலூர்க்காரர்களுக்கு வெயில் விஷயத்தில் ஒரு வீம்பு உண்டு. அக்கினி நட்சத்திரத்தில் வெளியூர்ச் சொந்தக்காரர் காட்பாடி ஸ்டேஷனில் இறங்கியதும் "எப்படிங்க இந்த ஊர்ல இருக்கீங்க?" என்று கேட்டால், "இதுக்கேவா?" என்று சிரிப்போம். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில் என்று ஊரை நக்கலடித்த சொலவடையைக்கூட நாங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். (கோட்டைக் கோயிலுக்கு 1981-லேயே சாமி வந்துவிட்டார். மற்ற இரண்டும் பெரும்பாலும் அப்படியேதான்.) பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர், மாவட்டத்தில் சைக்கிள் போட்டி என்றால் அலுவலர் என்று இத்தனை வருஷம் ஓட்டியதில், வெயிலைவிட இந்த வீம்போடுதான் அதிகம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

எங்களுக்குப் பெரிய போட்டி என்றால் செப்டம்பரில் அண்ணா பிறந்தநாளை ஒட்டி நடக்கும் மிதிவண்டிப் போட்டிதான். 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு. பையன்களுக்கு 15-லிருந்து 20 கிலோமீட்டர், பெண் பிள்ளைகளுக்கு 10-லிருந்து 15. இந்தியாவில் செய்த சாதாரணக் கைப்பிடி சைக்கிள்தான், கியர் சைக்கிளுக்கு இடமில்லை. அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் கேரியரையும் செயின் கவரையும் கழற்றிவிட்டு வந்து, ஒரு பையன் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் போவான். அப்பாக்கள் டி.வி.எஸ். வண்டியில் குளுக்கோஸ் பாட்டிலோடு கூடவே வருவார்கள். "வண்டி உள்ள வரக்கூடாது, ஓரம் போங்க" என்று கத்துவதே எங்கள் வேலையில் பாதி.

பிரான்சில் நாளுக்கு ஒரு கட்டமாக நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயம் டூர் டி பிரான்ஸ். ஜூலை மாதம் நம்ம ஊர் நேரம் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் அது அன்றைய கட்டத்தை முடிக்கும். வீட்டில் எல்லாரும் சீரியல் பார்க்க, நான் போனில் இதைப் பார்ப்பேன். ஜெயிக்கிறவன் மேல் என் கண் போகாது. தண்ணீர் யார் கொடுக்கிறான், எங்கே கொடுக்கிறான், கார் எந்தப் பக்கம் வருகிறது என்பதில்தான் இருக்கும். 2022-ல் ரோடே ஊரிலிருந்து கார்கசோன் வரை போன 15-வது கட்டத்தில் வெப்பம் 40 டிகிரியை ஒட்டிப் போனது. தார் இளகக்கூடிய இடங்களில் தண்ணீர் தெளிக்க லாரி நிறுத்தியிருந்தார்கள். வீரர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கான கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள், எல்லைக்கோட்டைத் தொடவேண்டிய நேர வரம்பையும் தளர்த்தினார்கள். அணித் தலைவனுக்காகவே ஓட்டும் வீரர்கள் காருக்குப் பின்வாங்கி, ஜெர்சிக்குள் ஏழெட்டு பாட்டிலைத் திணித்துக்கொண்டு, முதுகு புடைத்துப்போய், மறுபடி மிதித்து முன்னால் போவார்கள். பெண்கள் அணியும் மெல்லிய காலுறையில் ஐஸ் கட்டியைப் போட்டு முடிந்து பிடரியில் செருகிக்கொள்வார்கள். அது உருகி முதுகில் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் சாதனங்களுக்கு நடுவே, எங்கள் பிள்ளைகளுக்கும் மறுநாளே செய்துகொடுக்க முடிகிற ஒரே உத்தி அதுதான். காலுறைக்குப் பதில் நாங்கள் மல் துணி வைத்துக்கொண்டோம்.

இவ்வளவு கவனிப்பு அங்கே ஆதியிலிருந்து வந்ததில்லை. 1960-களில் வீரர்கள் எடுத்துக்கொள்ளும் தண்ணீருக்கே அளவு இருந்தது. தாகம் தாங்காமல் வழியில் தென்படும் கடைகளுக்குள் ஓடிப்போய், கையில் கிடைத்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 1967 ஜூலை 13 அன்று அதே டூர் பந்தயத்தில், வென்டூ மலை ஏற்றத்தில், உச்சிக்குச் சற்றுக் கீழே, டாம் சிம்ப்சன் விழுந்தார். இங்கிலாந்துக்காரர், 1965-ன் உலகச் சாம்பியன், வயது 29. தூக்கி உட்காரவைத்ததும் கொஞ்ச தூரம் மிதித்தார், மறுபடி விழுந்தார், எழவில்லை. ஊக்க மருந்து, மது, நீரிழப்பு, வெயில் எல்லாம் சேர்ந்து அவரைக் கொண்டுபோயின. ஊக்க மருந்தைப் பற்றித்தான் உலகம் அதிகம் பேசியது. எனக்கு அந்தத் தண்ணீர் அளவுதான் உறுத்துகிறது. நான் படித்த காலத்தில் எங்கள் பி.டி. வாத்தியாரும் "ஓடுறப்போ தண்ணி குடிச்சா வயித்த புடிச்சுக்கும்" என்று பானைப் பக்கமே விடமாட்டார். தாகத்தைப் பொறுப்பது வீரம் என்ற நினைப்பு பிரான்சிலும் இருந்திருக்கிறது, வேலூரிலும் இருந்தது.

அந்த விபத்து மலை ஏற்றத்தில் நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சக்கரத்துக்குப் போவதில்லை. மிச்சமெல்லாம் சூடாக உடம்பிலேயே தங்கும். சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் போகும்போது எதிர்க்காற்று வியர்வையை ஆற்றிவிடுகிறது. ஏற்றத்தில் உழைப்பு அதிகம், வேகம் பத்துப் பன்னிரண்டுதான், காற்றே இல்லை. பழைய வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு ஏலகிரியைச் சொன்னால் புரியும். 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் பாவேந்தர், பாரதி, திருவள்ளுவர் என்று பெயர். பயிற்சிக்குக் கூட்டிப்போகும் பையன்கள் கீழே சாலையில் கெக்கலித்துக்கொண்டு வருவார்கள், நாலாவது ஐந்தாவது வளைவுக்குள் பேச்சு நின்றுவிடும். பாறை ஒரு பக்கம் சூட்டை உமிழும். அதனால் ஏலகிரி ஏற்றம் என்றால் விடிவதற்குள் மேலே போய்விட வேண்டும் என்பது என் கட்டளை. எல்லைக்கோட்டைத் தாண்டி நின்ற பிறகு மயங்குவதும் இதே கணக்குதான். வண்டி நின்றதும் காற்று நின்றுவிடுகிறது, உள்ளே இருக்கும் சூடு நிற்பதில்லை.

இதைப் பெற்றோருக்குப் புரியவைக்கப் பெரும்பாடு. "மே மாசத்துலயே கில்லி ஆடறான் சார், செப்டம்பர்ல இன்னா ஆயிடப் போவுது?" என்பார்கள். நியாயமான கேள்வி. பதிலுக்கு ஆய்வகத்திலிருந்து மூன்று வெப்பமானி கடன் வாங்கி ஒரு ஸ்டாண்டில் கட்டினேன். ஒன்று நிழலில் சும்மா தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத்திரி. மூன்றாவது, பழைய தண்ணீர்த் தொட்டியின் செம்பு மிதவைப் பந்துக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து அதற்குள் செருகி வெயிலில் வைத்தது. ஈரத்திரி காட்டுவதில் பத்தில் ஏழு பங்கு, கறுப்புப் பந்து காட்டுவதில் இரண்டு பங்கு, சாதாரணமானதில் ஒரு பங்கு. கூட்டினால் வருவதுதான் வெயில் கடுமைக்கான உலகக் கணக்கு. ராணுவத்தில், தொழிற்சாலைகளில், இப்போது தொழில்முறை சைக்கிள் பந்தயங்களிலும் இதைத்தான் பார்க்கிறார்கள். மே மாதம் 41 டிகிரி, ஆனால் வறண்ட காற்று. ஈரத்திரி 24-தான் காட்டும். செப்டம்பரில் 33 டிகிரிதான், ஆனால் முந்தின நாள் மழையால் புழுக்கம். ஈரத்திரி 27-க்கு வந்துவிடும். கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரு டிகிரிதான் வித்தியாசம். வியர்வை ஒழுகினால் போதாது, ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும் என்பதை அந்த ஈரத்திரி மாதிரி என்னால் எந்த வகுப்பிலும் சொல்லமுடிந்ததில்லை. இயற்பியல் ஆசிரியர் அதை இப்போது தன் பாடத்துக்கும் எடுத்துப்போகிறார். செம்புப் பந்து என்னுடையது, அதைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு இந்தக் கணக்கை நிறங்களாகப் பிரித்திருக்கிறது. 28-ஐத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் உடனே ரத்து என்று அர்த்தமில்லை. வீரர்களின் ஆள், அணிகளின் ஆள், நடத்துகிறவர்கள், மருத்துவர் எல்லாரும் உட்கார்ந்து நேரத்தை மாற்றுவதா, தூரத்தைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று பேசவேண்டும். கடும் வானிலைக்கு இப்படிக் கூடிப் பேசும் விதியே 2016-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வருஷம் ஓமன் பந்தயத்தில் மணற்காற்றும் வெப்பமும் சேர்ந்துகொள்ள, இறக்கத்தில் டயர்கள் வெடிக்க ஆரம்பித்தன. வீரர்கள் பாலத்துக்கு அடியில் நிழலில் ஒதுங்கிப் பேசி, ஓட்டமாட்டோம் என்றார்கள். அன்றைய கட்டம் ரத்தானது. ஆஸ்திரேலியாவில் ஜனவரியில் நடக்கும் டூர் டவுன் அண்டரில் 2018-லும் 2019-லும் தூரத்தைக் குறைத்தார்கள். ஆனால் 2016-ல் கத்தாரின் தோஹாவில் உலகச் சாம்பியன் போட்டியைப் பாலைவன வெயிலில்தான் நடத்தினார்கள். மாத்திரை வடிவக் கருவியை விழுங்கவைத்து உள் வெப்பத்தை அளந்ததில் கால்வாசி வீரர்கள் 40 டிகிரியைத் தாண்டியிருந்தார்கள். ஒருவருக்கு 41.5.

எங்கள் பக்கம் காலை பத்து மணிக்கு அந்த ஸ்டாண்டு 28-க்குக் கீழ் காட்டினால் அது மார்கழி. அதனால் நிறத்தைப் பார்த்துப் போட்டியை நிறுத்துவதென்றால் பாதி வருஷம் பையன்கள் சைக்கிளையே எடுக்கமுடியாது. பழக்கப்பட்ட உடம்பு என்பதும் உண்மைதான். பத்துப் பதினாலு நாள் வெயிலில் உழைத்தால் ரத்தத்தில் நீர் கூடும், வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பு குறையும். ஐரோப்பிய வீரர்கள் இதற்காகச் சுடுநீர்த் தொட்டியில் உட்காருகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது ஓசியில் கிடைக்கிறது. ஆனால் அது கொஞ்சம் அவகாசம் தரும், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கடிகாரத்தில் இருக்கிறது. கடிகாரம் யார் கையில் என்பதுதான் சிக்கல். பிரான்சில் சாயங்கால டி.வி. நேரத்துக்கு எல்லைக்கோட்டைத் தொடவேண்டும் என்பதால் மத்தியான வெயிலில் ஓட்டுகிறார்கள். இங்கே கொடியசைக்கச் சிறப்பு விருந்தினர் வரவேண்டும்.

ஒரு தனியார் அமைப்பு நடத்திய போட்டி, பெயர் வேண்டாம். ஆறரைக்கு ஆரம்பம் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். விருந்தினர் வந்தது எட்டே முக்காலுக்கு. பிள்ளைகள் அத்தனை நேரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தார் ரோட்டில் நின்றார்கள். நிழலுக்கு அனுப்புங்கள் என்றால் "போட்டோ எடுக்கணும் சார், வரிசை கலைஞ்சிடும்" என்றார்கள். வெயிலில் நின்ற சைக்கிள்களில் பஞ்சர் ஒட்டின பசை இளகி, கிளம்பும் முன்பே ரெண்டு மூன்று டியூபில் காற்று இறங்கியது. பிள்ளைகளைப் பற்றிச் சொல்லி நடக்காததை டியூபைக் காட்டிச் சொல்லிப் பார்த்தேன், அதுவும் நடக்கவில்லை.

முடிவில் ஒரு பையன் மூன்றாவதாக வந்தான். இறங்கினவன் சைக்கிளைச் சாய்க்காமல் அப்படியே கைவிட்டான். உன் நம்பர் என்னடா என்று கேட்டேன். என்னை நேராகப் பார்த்து, "மணி அட்ச்சாச்சா சார்?" என்றான். எந்த ஸ்கூல் என்றதற்கும் அதே பதில். அவன் அம்மா ஓடிவந்து, "வேர்க்குதே சார், ஒண்ணியும் ஆவாது, எம்மவனுக்கு வெயிலு பழக்கந்தான்" என்றார். உடம்பு காய்ந்துபோனால்தான் வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்று பலரும் நினைக்கிறார்கள். உழைத்து வரும் வெப்பவாதத்தில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டரை நம்பமுடியாது, தோல் சீக்கிரம் ஆறிவிடும், உள்ளே ஆறாது. தோஹாவில் 41.5 காட்டினவர் நிதானத்தில் இருந்தார், இவன் இல்லை. பேச்சு தடுமாறினால் அதுவே போதும்.

ஷாமியானாக்காரரிடம் ஒரு தார்ப்பாய் வாங்கினோம். நாலு பேர் நாலு முனையைத் தூக்கிப் பிடிக்க, பையனை நடுவில் கிடத்தி, தலையை ஒருவர் தாங்க, குடிநீர் கேன் அத்தனையும் கொட்டினோம். ஜூஸ் கடைக்காரர் ஐஸ் பாரை உடைத்துச் சாக்கோடு கொண்டுவந்து சரித்தார். தூளி ஆட்டுவது போல ஆட்டி, அந்தத் தண்ணீர் உடம்பெல்லாம் அலசும்படி வைத்திருந்தோம். 108 வந்ததும் கூட்டம் "ஏத்துங்க, ஏத்துங்க" என்றது. வண்டியில் வந்தவரிடம் சொன்னேன், முதலில் குளிரட்டும், அப்புறம் ஏற்றலாம் என்று. அவருக்கும் அது தெரிந்திருந்தது. அவரும் ஒரு முனையைப் பிடித்தார். பையன் நடுங்க ஆரம்பித்து, "சார், என் சைக்கிள் எங்க?" என்று கேட்ட பிறகுதான் ஏற்றினோம். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் பரிசு அவனுக்குத்தான் என்று சொன்னதும் முதலில் கேட்டது, "எவ்ளோ சார்?"

அதற்குப் பிறகு என்னை அலுவலராகக் கூப்பிடுகிறவர்களிடம் ரெண்டு விஷயம் எழுதிக் கேட்கிறேன். விருந்தினர் பரிசு கொடுக்கட்டும், கொடியை நேரத்துக்கு யாராவது அசைத்துவிட வேண்டும். எட்டு மணிக்கு மேல் ஆனால் தூரம் பாதி. முதலாவதைப் பலர் ஒப்புக்கொள்கிறார்கள், விருந்தினருக்கும் தூக்கம் மிச்சம். இரண்டாவதற்கு, "20 கிலோமீட்டர்னு பேனர் அட்ச்சாச்சே சார்" என்கிறார்கள். பேனரில் தூரத்தைப் போடாமல் அடியுங்கள் என்று போன முறை சொல்லியிருக்கிறேன்.