படிவத்தில் அடங்காத மனிதர்

பழைய அமெரிக்க அரசியல்வாதிகளின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தமிழில் சுருக்கி எழுதுவதுதான் என் வேலை. கொஞ்ச நாளில் கை பழகிவிடும். இந்த ஊரில் பிறந்தார், வக்கீலானார், மாநிலச் சட்டமன்றம் போனார், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) போனார், காலமானார். பெயரை மாற்றினால் போதும் என்கிற அளவுக்குச் சலிப்பு தட்டும்.

மேத்யூ லயன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அயர்லாந்திலிருந்து சிறுவயதில் ஒப்பந்தக் கூலியாக வந்தவர். வெர்மான்டில் ஃபேர் ஹேவன் என்ற ஊரை நிறுவி, மரம் அறுக்கும் ஆலை, காகித ஆலை, அச்சகம் என்று நடத்தினார். மாநிலச் சட்டமன்றத்தில் இருந்துவிட்டு 1797-இல் காங்கிரஸுக்குப் போனார். மறு ஆண்டு ஜனவரியில், தன் பழைய ராணுவப் பணியைக் கிண்டல் செய்த சக உறுப்பினர் ரோஜர் கிரிஸ்வால்டின் முகத்தில் அவைக்குள்ளேயே எச்சிலைத் துப்பினார். பதவியைப் பறிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு சேரவில்லை. பிப்ரவரியில் கிரிஸ்வால்ட் கைத்தடியால் அடிக்க, இவர் கணப்பிலிருந்த இடுக்கியைத் தூக்கினார்.

"துப்பினதை வைச்சுக்கிட்டு மத்ததைக் குறைங்க சார்" என்றார் எங்கள் ஆசிரியர். வாசகர் அதைத்தான் படிப்பார் என்பது அவர் கணக்கு. அது சரிதான். ஆனால் எனக்கு அதே ஆண்டு அக்டோபர்தான் முக்கியமாகப் பட்டது.

அரசை இழித்து எழுதினால் குற்றம் என்று ஜூலையில் சட்டம் வந்திருந்தது. அதிபர் ஜான் ஆடம்ஸுக்கு ஆடம்பர மோகம் என்று லயன் எழுதிய கடிதம், சட்டம் வருவதற்கு முன்பே எழுதப்பட்டது. அச்சானது மட்டும் பிறகு. அக்டோபரில் அதற்கு நான்கு மாதச் சிறை, ஆயிரம் டாலர் அபராதம். வெர்ஜென்ஸ் சிறையில் பதினாறடிக்குப் பன்னிரண்டடி அறை, மூலையிலேயே கழிப்பிடம். நாற்றம் தாங்கவில்லை என்று அங்கிருந்தே கடிதம் போட்டார். டிசம்பர் மறுதேர்தலில் ஜெயித்ததும் அந்த அறையில் இருந்தபடிதான். வாக்காளர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை!

துப்பலை ஒரே வரியாக்கி, சிறைக்கு ஒரு பத்தி கொடுத்து அனுப்பினேன். ஆசிரியர் முனகிக்கொண்டே விட்டுவிட்டார்.

அப்புறம் லயன் கென்டக்கி மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, அங்கேயும் மாநிலச் சட்டமன்றம், 1803 முதல் 1811 வரை மறுபடி காங்கிரஸ். எங்கள் படிவத்தில் மாநிலத்துக்கு ஒரே கட்டம்தான்; இரண்டு பெயரையும் நெருக்கி எழுதினேன். 1822-இல் ஆர்கன்சா பகுதியில் இறந்தார். 1840-இல் அந்த அபராதத்தை அவர் வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டது, வட்டியோடு.