8 போர்டு, 64 பேர்

டிசம்பர் 9, செவ்வாய்

கேரம் போட்டிக்கு மண்டபம் 12,000-க்கு முடிந்தது, இரண்டு நாளைக்கும் சேர்த்து. தை பிறந்துவிட்டால் அதே ஆள் ஒரு வேளைக்கே 40,000 கேட்பார், அதுவும் முகம் பார்த்துப் பேசமாட்டார். மார்கழியில் கல்யாணம் கிடையாதே, அதனால் டீ வாங்கிக் கொடுத்துப் பேசினார். "சூதாட்டம் கீதாட்டம் இல்லியே?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

27, 28. சனி, ஞாயிறு.

டிசம்பர் 11, வியாழன்

தூக்கம் வரவில்லை. கணக்கு நோட்டை எடுத்தேன்.

64 பேர், ஆளுக்கு 400. 25,600 வரவு. செலவில் பரிசு மட்டும் 33,000: முதல் பரிசு 15,000, அடுத்தது 8,000, செமியில் தோற்கிறவர்களுக்கு மும்மூன்று, குவார்ட்டரில் தோற்கிறவர்களுக்கு ஒவ்வொன்று. மண்டபம் 12,000. அம்பயர் 8 பேர், நாளுக்கு 600 வீதம் 9,600. கோப்பை 5,500. புது காயின் 8 செட் 3,200. வண்டி 3,500. முதல் நாள் ஆடுகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு 6,400. நம்ம பசங்க, அம்பயர் சாப்பாடு இரண்டு நாளைக்கு 4,000. மொத்தம் 77,200.

துண்டு விழுவது 51,600.

முதல் பரிசைக் குறைக்கலாமே என்கிறான் மச்சான். குறைத்தால் ரயில்வே, எண்ணெய் கம்பெனி டீம் ஆட்கள் வரமாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் போட்டிக்குப் பெயர் இல்லை. வந்தாலோ, நம்ம பேட்டைப் பையன் 400 ரூபாய் கட்டி, முக்கால் மணி நேரத்தில் அடி வாங்கி, பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டுப் போகவேண்டியதுதான். முதல் ரவுண்டில் தோற்கிற 32 பேர் கட்டிய பணம் 12,800. ஏறக்குறைய முதல் பரிசு அது. பத்து வருஷமாக நடத்துகிறேன், இதை இன்றைக்குத்தான் பெருக்கிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

டிசம்பர் 12, வெள்ளி

25,000 தருகிறேன் என்றவர் போன் எடுக்கவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

வசூல் நாள். மச்சானும் நானும் காலை 10-லிருந்து கடை ஏறி இறங்கினோம்.

ஹார்டுவேர் கடையில் 5,000, பேனர் வைக்கவேண்டும். தெருவில் வைக்கமாட்டோம், 2019-இல் பள்ளிக்கரணையில் நடந்ததற்குப் பிறகு அந்த வேலையே வேண்டாம், மண்டபத்துக்குள் மட்டும் என்றேன். "உள்ள வெச்சா எவன் பார்ப்பான்?" என்று 3,000 ஆக்கிவிட்டார்.

பிரியாணிக் கடை பாய் பணம் இல்லை, 70 பொட்டலம் தருகிறேன் என்றார். 6,400 மிச்சம். சந்தோஷப்பட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது: எண்ணெய்க் கையோடு 64 பேர் போர்டில் கை வைப்பார்கள். பவுடர் பிசுபிசுத்துப் போகும். ஒரு டஜன் சோப்பு, துண்டு, கை கழுவாதவனை உட்கார விடாத ஓர் ஆள் வேண்டும்.

ஒவ்வொரு கடையிலும் கிளிப்பிள்ளை மாதிரி அதே மூன்று பேரைச் சொல்கிறேன். மரிய இருதயம், 1991-லும் 1995-லும் உலக சாம்பியன், 1996-இல் அர்ஜுனா விருது. நம்ம வியாசர்பாடி இளவழகி, 2008 உலக சாம்பியன். காசிமா, 2024-இல் அமெரிக்காவில் மூன்று தங்கம், ஆட்டோக்காரர் பொண்ணு. சர்வதேச கேரம் சம்மேளனமே 1988-இல் நம்ம சென்னையில்தான் தொடங்கியது என்று முடிப்பேன். ஜவுளிக் கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்கள்லாம் வருவாங்களா?" என்றார். இல்லை என்றேன். 500 கொடுத்தார்.

கவுன்சிலர் 10,000. திறந்து வைக்கவேண்டும், போட்டோ வேண்டும். மச்சான் முகம் போன போக்கைப் பார்க்கணும், அவன் அந்தக் கட்சி இல்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. நாலரைக்கே கோயில் ஸ்பீக்கர். எப்படியும் விழித்துத்தான் இருந்தேன்.

சட்டைப் பொத்தான் போட இவ்வளவு நேரம் ஆகாது.

டிசம்பர் 18, வியாழன்

போர்டு பார்த்தேன். நம்மிடம் 4, பெரம்பூர் கிளப்பிலிருந்து 4. ஏழு நன்றாக இருக்கிறது. 5-ஆம் நம்பர் மட்டும் தெற்கு மூலைக்கு இழுக்கிறது. மெதுவாக விட்ட ஸ்ட்ரைக்கர் கடைசி ஒரு ஜாணில் திரும்பிப் பார்க்கிறது, யாரோ கூப்பிட்டமாதிரி. நூல் பிடித்துப் பார்த்தேன், வளைவு தெரியவில்லை. ஈரம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த பலகை.

இந்த எல்.இ.டி. வந்து கேரமைக் கெடுத்தது என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். வெளிச்சம் இருக்கிறது, சூடு எங்கே? குண்டு பல்பு தலைக்கு மேல் எரிந்தால் பலகை காயும், பவுடர் உதிரியாக இருக்கும், காயின் வழுக்கிக்கொண்டு ஓடும். பாரிமுனையில் நாலு கடை ஏறி இறங்கி 100 வாட் 9 கிடைத்தது. "கோழிக்குஞ்சு வளக்குறீங்களா சார்?" என்றான் கடைப் பையன்.

டிசம்பர் 19, வெள்ளி

25,000-க்காரர் போன் எடுத்தார்! "நான் சொன்னா சொன்னதுதான், பார்த்துக்கலாம்." பார்த்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம்?

டிசம்பர் 20, சனி

61 பேர்தான். மூன்று பேருக்கு 'பை', முதல் ரவுண்டு ஆடாமலே அடுத்ததுக்குப் போகலாம். அந்த மூன்றுக்கு எத்தனை போன்! சீட்டு எழுதி எவர்சில்வர் சொம்பில் போட்டு, சின்னவளை எடுக்கச் சொன்னேன், மச்சான் போனில் வீடியோ பிடித்தான். அப்படியும் ராயபுரத்துக்காரர், "உங்க பொண்ணு கையி, உங்களுக்கு வேண்டியவனுக்குத்தான் வரும்" என்கிறார். என் பொண்ணுக்கு யார் வேண்டியவன், யார் வேண்டாதவன் என்று தெரிந்தால் எனக்கும் சொல்லட்டும்.

ஃபிக்சர் சார்ட் நான் எழுதவில்லை. மச்சானை எழுத வைத்தேன். "உன் கையெழுத்துதானடா அழகா இருக்கும்" என்றான். கண்ணாடி எடுத்து வரவில்லை என்றேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

"29-ஆம் தேதி திங்கக்கிழம டோக்கன் போட்டாச்சு. ஸ்கேன் எடுத்துட்டுத்தான் பெரிய டாக்டர் பார்ப்பாராம். அதையும் தள்ளிப் போட்டீங்கன்னா, அந்த எட்டு போர்டையும் அடுப்புல வெச்சு வெந்நி போடுவேன், பாருங்க."

மனைவியிடம் சரி என்றேன். நாலு போர்டு பெரம்பூர்க்காரர்களுடையது என்று சொல்லவில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

25,000-க்காரர் எடுக்கவில்லை. காலையில் ஒன்று, மதியம் இரண்டு, ராத்திரி ஒன்று. நாலு தடவை அடித்தேன், ரிங் போகிறது.

சாயந்தரம் சீட்டு ஏலம். 50,000 சீட்டு, ஜூன் மாசம் ஸ்கூல் ஃபீஸுக்கு என்று வைத்திருந்தது. 11,000 தள்ளி எடுத்தேன். 39,000 கையில். சீட்டுக்கார அக்கா, "இன்னா அவசரம்பா உனக்கு, யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

மழை. எதிர்வீட்டு கேக். போர்டுகளுக்குத் தார்ப்பாய், அதற்குக் கீழே அம்மாவின் பழைய கம்பளி.

டிசம்பர் 26, வெள்ளி

இரவு 1 மணி. மண்டபத்தில்தான் படுக்கை. எட்டு பல்பும் எரிகிறது, மணமேடை ஜிகினா மின்னுகிறது. ரசமட்டம் வைத்து ஸ்டாண்டு காலுக்கெல்லாம் அட்டை கொடுத்தாயிற்று. 5-ஆம் நம்பர் இப்போது நேராக ஓடுகிறது என்கிறான் மச்சான். என்னை அடித்துப் பார்க்கச் சொன்னான். பவுடர் வீணாகும் என்றேன்.

டிசம்பர் 27, சனி

45 மேட்ச். இரவு 10.40-க்கு முடிந்தது.

முதல் ரவுண்டை ஒரே கேம் ஆக்கினோம், 25 பாயின்ட் அல்லது 8 போர்டு (காயின் அடுக்கி ஒரு தடவை ஆடி முடித்தால் அதுவும் ஒரு 'போர்டு'). மூன்று கேம் வைத்திருந்தால் விடிந்திருக்கும். கவுன்சிலர் திறந்து வைத்தார்: முழு விரலையும் வைத்துத் தள்ளினார், ஸ்ட்ரைக்கர் நேராகப் பாக்கெட்டுக்குள் போயிற்று. எல்லோரும் கை தட்டினோம். "மைனஸ்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நல்லவேளை, ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது.

திருவொற்றியூரிலிருந்து ஒரு பெரியவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், சொந்த ஸ்ட்ரைக்கரை வெற்றிலை டப்பாவில் வைத்திருந்தார். எதிரில் பள்ளிக்கூடத்துப் பையன். 25-0. ஒரு போர்டில் பையன் கறுப்பு ஸ்லாம் வேறு போட்டான்: பெரியவர் பிரேக் பண்ணி ஒன்றும் விழவில்லை, இவன் உட்கார்ந்த வாக்கில் ஒன்பது கறுப்பையும் எடுத்துவிட்டான், ரெட்டும் ஃபாலோவும் சேர்த்து. பெரியவர் கை கொடுத்தார். பிறகு வீட்டுக்குப் போகவில்லை. ராத்திரி வரை 5-ஆம் போர்டு பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லார் ஆட்டத்தையும் பார்த்தார். கிளம்பும்போது என்னிடம், "பல்பு நல்லா சூடா வெச்சிருக்கீங்க தம்பி" என்றார்.

61 பேரில் அதைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான்.

டிசம்பர் 28, ஞாயிறு

ரயில்வேக்காரர்தான் ஜெயித்தார். மூன்றாவது கேமில் 22-க்கு மேல் போய்விட்டதால் ரெட்டுக்குப் பாயின்ட் இல்லை, ஆனாலும் எதிராளி எடுக்கக்கூடாது என்று முதலில் ரெட்டைத்தான் எடுத்தார். கள்ளாட்டம் இல்லை, கணக்கு.

25,000-க்காரர் வந்தார்! வெள்ளை வேட்டி, நாலு பேர் கூட. மேடை ஏறினார், கோப்பையைக் கொடுத்தார், எல்லார் போட்டோவிலும் நடுவில் நின்றார். இறங்கும்போது தோளில் தட்டி, "பொங்கல் கழிச்சு வந்து வாங்கிக்க தம்பி" என்றார். ஏழைப் பிள்ளைகளுக்கு ஆதரவு என்று மைக்கில் அவர் பேசியதை நானே நன்றி சொல்லி முடித்துவைத்தேன்.

கவர் எல்லாம் கொடுத்தாயிற்று. அம்பயர் பணம் கொடுத்தாயிற்று. கையில் 1,140. வண்டிக்காரனுக்கு 2,000 பாக்கி.

பசங்க சாப்பிடப் போனார்கள். 5-ஆம் போர்டில் காயின் அடுக்கி உட்கார்ந்தேன். பிரேக்குக்கு ரூல்படி மூன்று வாய்ப்பு.

மூன்றிலும் காயினைத் தொடவில்லை.

டிசம்பர் 29, திங்கள்

டோக்கன் 14. இப்போது 6 ஓடுகிறது. அவள் பக்கத்தில் பை, பழைய மருந்துச் சீட்டுகள், தண்ணீர் பாட்டில். சீட்டு எடுத்த விஷயத்தை அக்கா போன் பண்ணிச் சொல்லிவிட்டாராம். ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

மண்டபத்து வாட்ச்மேன் போன். இரண்டு பல்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறதாம், அணைக்கவா என்கிறார். எந்த இரண்டு என்று கேட்பதற்குள்