பேச்சுப் பயிற்சி அறை: சில நாட்குறிப்புகள்

3 ஜூன் 2024, திங்கள்

பள்ளிக்கூடம் திறக்கும் நேரம் வந்தால் எங்கள் அறை வாசலில் வரிசை நீண்டுவிடும். எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போன இடத்தில், "பிள்ளை பேசலையே, ஆஸ்பத்திரியில் காட்டிட்டு வாங்க" என்று அனுப்பியிருப்பார்கள். அதுவரை வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை என்று சொல்வதும் நியாயமில்லை. அம்மாவுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். மற்றவர்கள் அவள் வாயை அடைத்திருப்பார்கள்.

இன்று அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி, மூன்றரை வயதுப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். பின்னால் மருமகள். "இவன் அப்பனும் அஞ்சு வயசுலதாம்மா வாயத் தொறந்தான். இவனுக்கும் வந்துரும்லா. இவதான் கேக்க மாட்டேங்கா" என்றார். வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவியும் பார்த்தாயிற்றாம். நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. காதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. கூப்பிட்டால் திரும்புவான் என்று ஆச்சி செய்து காட்டினார், திரும்பத்தான் செய்தான். ஆனால் கூப்பிடும்போதே ஆச்சி கையையும் ஆட்டுகிறார். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று மேளத்தைத் தட்டினேன். பொம்மை லாரியை உருட்டிக்கொண்டே இருந்தான்.

பெரா டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்தேன். தலையில் ஒயர் ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, செவி நரம்பிலும் மூளைத்தண்டிலும் அலை எழுகிறதா என்று பார்ப்பது. பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். அதனால் நாங்கள் சொல்லும் முதல் ஆலோசனை, "வரும்போது பஸ்ஸில் தூங்க விட்றாதீங்க" என்பதுதான்.

6 ஜூன், வியாழன்

காக்ளியர் கருவி (காது கேட்காதவர்களுக்கு உள்ளே வைத்துச் செவி நரம்பைத் தூண்டுவது) பொருத்திய இரண்டரை வயதுப் பெண் பிள்ளைக்கு இன்று 'ஸ்விட்ச் ஆன்'. அறுவைசிகிச்சைப் புண் ஆறிய பிறகுதான் வெளிக்கருவியை மாட்டி உயிர் கொடுப்போம். அதற்குச் சில வாரம் ஆகும். அப்பா போனில் படம் பிடிக்கத் தயாராக நின்றார். இணையத்தில் வரும் வீடியோக்களில் குழந்தை சட்டென்று சிரிக்கும், அம்மா அழுவாள். இங்கே குழந்தைதான் அழுதது. அப்பா போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

அழுதால் நல்லதுதான், ஏதோ போய்ச் சேர்ந்திருக்கிறது. அது என்னவென்று அவளுக்கு இன்னும் தெரியாது. காது வயது என்று நாங்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கில் அவள் இன்று பிறந்த பிள்ளை. பிறந்த பிள்ளைக்குப் பேச்சு வர ஒரு வருடமாவது ஆகிறதே, அந்தப் பொறுமை இவளுக்கும் வேண்டும் என்றேன். அப்பாவும் அம்மாவும் தலையாட்டினார்கள். எல்லோரும் இன்றைக்குத் தலையாட்டுவார்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் இருந்தால் லட்சக்கணக்கில் ஆகும் கருவியும் அறுவைசிகிச்சையும் இலவசம். அது பெரிய விஷயம். ஆனால் ஒவ்வொரு பயிற்சி நாளும் இந்த அம்மாவுக்கு பீடி சுற்றும் கூலி போகிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு என் முக்கால் மணி நேர வகுப்பு ஒரு முழு நாள்.

11 ஜூன், செவ்வாய்

ஐந்து வயதுப் பையன். 'க' வராது, 'த' தான். தாத்தாவும் தாத்தா, காக்காவும் தாத்தா. "தாத்தா பறந்து போச்சு" என்கிறான், கூட வந்த தாத்தா வயிறு குலுங்கச் சிரிக்கிறார்.

இரண்டு படங்களையும் மேசையில் வைத்தேன். அவன் காக்காவைக் கேட்க நினைத்து "தாத்தா" என்றான். நான் தாத்தா படத்தை எடுத்து நீட்டினேன். கோபம் வந்துவிட்டது. மறுபடி கேட்டான், மறுபடி தாத்தா. தான் சொல்வது தப்பாகக் கேட்கிறது என்று அந்தக் கோபத்தில்தான் பிள்ளைக்குப் பிடிபடும். அப்புறம் மல்லாக்கப் படுக்க வைத்துத் தண்ணீர் கொப்பளிப்பதுபோலத் தொண்டையில் சத்தம் போடச் சொன்னேன். நாக்கின் பின்பக்கம் எங்கே தூக்குகிறது என்று அவனுக்கே தெரிய வேண்டும். வீட்டுப்பாடம் தாத்தாவுக்கு: 'க' வராமல் கேட்டால் எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. "பாவம்லா" என்றார். அவரை நம்ப முடியாது.

14 ஜூன், வெள்ளி

பெரா முடிவு வந்தது. ஆச்சியின் பேரனுக்கு இரண்டு காதிலும் மிகக் கடுமையான கேட்புக் குறைபாடு. கேஸ் ஷீட்டில் 'சொந்தத்தில் திருமணமா?' என்றொரு கேள்வி உண்டு. தாய்மாமன் என்றாள் மருமகள். பரம்பரைக் காரணம் இருக்கலாம் என்பதால்தான் கேட்கிறோம், ஆனால் அதைக் கேட்டதும் குனிவது எப்போதும் பெண்ணின் தலைதான். அந்தச் சம்பந்தத்தை முடித்து வைத்தவர்களே எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

மதியம் குழந்தைகள் வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். மூளை முடக்குவாதக் குழந்தை, சாப்பாடு கொடுத்தால் இருமுகிறது, சளி அடிக்கடி நெஞ்சில் இறங்குகிறது. விழுங்குவதும் எங்கள் வேலைதான் என்பது வார்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. அம்மா படுக்க வைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். நிமிர்த்தி, தலை பின்னால் சாயாமல் பிடித்து, நீர்க்கஞ்சியைக் கெட்டியாக்கிச் சின்னக் கரண்டியில் கொடுக்கச் சொன்னேன். இருமல் குறைந்தது.

20 ஜூன், வியாழன்

காக்ளியர் பிள்ளை இரண்டாவது முறையாக வரவில்லை. போன் செய்தேன். "மாட்டினாலே பிச்சுப் பிச்சுப் போடுதா மேடம். அழுதாளேன்னு கழட்டி பீரோவுல வச்சிட்டேன்." திட்ட வாய் வந்தது. திட்டினால் அடுத்த முறை போனையே எடுக்க மாட்டாள்.

வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். விடிந்தால் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்துவிடுவாளாம், பிள்ளை பக்கத்தில். சரி, கருவியை மாட்டிவிட்டு அந்த வேலையையே பேசிக்கொண்டு செய்யுங்கள் என்றேன். இலையை வெட்டுறேன், சுருட்டுறேன், நூல் கட்டுறேன், ஒண்ணு, ரெண்டு, மூணு. அதே சொல் ஒரு நாளைக்கு நூறு தடவை அவள் காதில் விழும்; என் அறையில் உள்ள பிளாஸ்டிக் பழக் கூடையால் அது முடியாது. புகையிலைத் தூளுக்குப் பக்கத்தில் பிள்ளை உட்கார்வது எனக்குப் பிடிக்கவே இல்லை. கொஞ்சம் தள்ளி உட்கார வையுங்கள் என்றும் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

இன்னொரு வீட்டில் நேர்மாறு. அப்பா பிள்ளையிடம் "கம்", "சிட்", "கிவ்" என்று மட்டுமே பேசுகிறார். இரண்டு மொழி குழப்பும், ஆங்கிலமே பேசுங்கள் என்று யாரோ சொன்னார்களாம். அவருக்கு இருக்கும் ஆங்கிலம் அவ்வளவுதான். இரண்டு மொழியால் பேச்சு தாமதமாவதில்லை. வீட்டில் யாரும் முழு வாக்கியமே பேசவில்லை என்றால் பிள்ளை எதிலிருந்து எடுத்துக்கொள்ளும்? உங்கள் அம்மாவிடம் பேசும் தமிழில் பேசுங்கள் சார் என்றேன். பள்ளிக்கூடத்தில் திட்டுவார்களே என்றார்.

2 ஜூலை, செவ்வாய்

காக்ளியர் பிள்ளை வந்தாள், கருவியோடு. குக்கர் விசிலுக்குத் திரும்புகிறாளாம். நூல் அறுந்தால் "போச்சு" என்று அம்மா சொல்வாள். அதற்கும் நிமிர்ந்து பார்க்கிறாளாம்.

வாய் தெரியாமல் அட்டையால் மறைத்து ஆறு ஒலிகளையும் சொல்லிப் பார்த்தேன்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். டேனியல் லிங் வகுத்துக் கொடுத்த சோதனை. பேச்சின் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை இந்த ஆறில் அடங்கிவிடும். சத்தம் கேட்டால் கட்டையை டப்பாவில் போட வேண்டும். ஐந்துக்குப் போட்டாள். 'ஸ்' மட்டும் போய்ச் சேரவில்லை. மேப்பிங்கை, அதாவது கருவி எந்த ஒலியை எவ்வளவு கொடுக்கிறது என்ற அளவை, சரி பார்க்கக் கேட்பியல் நிபுணரான ஆடியாலஜிஸ்ட்டுக்குச் சீட்டு எழுதினேன்.

"வியாழக்கிழமை கம்பெனிக்குப் பீடி கொடுக்கிற நாள் மேடம், செவ்வாய்க்கிழமை வரலாமா?" என்றாள். இத்தனை வாரம் இதைச் சொல்லவே இல்லை. செவ்வாய் காலையில் ஏற்கனவே பிள்ளைகள் நிரம்பியிருக்கிறார்கள். காக்காப் பையனை மதியத்துக்கு மாற்றிவிட்டுப் பதினொரு மணி கொடுத்திருக்கிறேன். அவன் தாத்தா சண்டைக்கு வருவார்.