காந்தம் ஒட்டிய செப்புக் குழாய்

"தம்பி, கீழ வேர்க்குது, மேல விறைக்குது. ரெண்டு பேர் வந்து பாத்திட்டுப் போட்டினம். இனிப் பொயிலரைத்தான் மாத்தோணும் எண்டு சொல்லுகினம்."

வீட்டு ஹீட்டிங் திருத்துவது என் தொழில். லண்டன் ஹரோவிலிருந்து ஒரு ஜனவரிக் காலையில் வந்த அழைப்பு இது. பேசியவர் யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். கணவர் காலமானபின் தனியே இருக்கிறார். நான் போனபோது முன்னறை சோபாவின் ஓரத்தில் தலையணையும் போர்வையும் மடித்து வைத்திருந்தன. மூன்று கிழமையாக அங்கேதான் படுக்கையாம். மேல்மாடிப் படுக்கையறை வெப்பமானி 11 பாகை காட்டியது. குளிர்நாடுகளில் வீட்டுக்குள் 18 பாகைக்குக் குறையக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எழுபது வயதைத் தாண்டியவர் 11 பாகையில் படுக்க முடியாது.

அது பழைய முறையில் போட்ட ஹீட்டிங். கூரைக்கடியில், லாஃப்டில், ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து 15 மி.மீ. குழாய் ஒன்று இறங்கி ஹீட்டிங் குழாயோடு சேரும். சுற்றில் தண்ணீர் குறைந்தால் அதன் வழியாகத்தான் நிரம்ப வேண்டும். சூடேறி விரியும் தண்ணீருக்கும் அதுவே வழி. பொயிலர் சூடாக்க, பம்ப் தள்ள, அறைச் சுவர்களில் உள்ள ரேடியேட்டர்களுக்குள் போய் வெப்பத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் திரும்பி வரும்.

கருவிப் பெட்டியைத் திறக்குமுன் நான் செய்வது குழாய்களில் கை வைத்துப் பார்ப்பது. பொயிலரிலிருந்து புறப்படும் குழாய் கையைச் சுட்டு, திரும்பிவரும் குழாய் குளிர்ந்து கிடந்தால் தண்ணீர் ஊர்ந்துதான் போகிறது என்று கொள்ளலாம். இரண்டும் ஒரே மாதிரிக் கொதித்தால் தண்ணீர் எங்கோ குறுக்குவழி பிடித்துத் திரும்புகிறது. பழைய பொயிலர்களை 82 பாகையில் அனுப்பி 71 பாகையில் திரும்பப் பெறும் கணக்கில்தான் அமைத்தார்கள். அந்த வீட்டில் வித்தியாசம் ஏறக்குறைய அவ்வளவே இருந்தது. கீழே உள்ள ரேடியேட்டர்கள் எல்லாம் நல்ல சூடு. பொயிலரிலும் குறையில்லை, பம்பிலும் குறையில்லை. ஆனால் பம்ப் புத்தம் புதிது. முதலில் வந்தவர் மாற்றி, மூன்றாவது வேகத்தில் விட்டுப் போயிருந்தார்.

மேலே போய் ஒரு ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திறந்தேன். கொஞ்சம் சீறியது, பிறகு அடங்கியது. தண்ணீர் வரவில்லை. ஈர விரலைத் துளையில் வைத்தபோது காற்று உள்ளே இழுபட்டது. "வந்து பாத்தவரும் இப்பிடித்தான் காத்தெடுத்தவர். காத்துப் போட்டுது எண்டு சொன்னவர்" என்றார் அம்மா. காற்றுப் போனால் அதன் இடத்துக்குத் தண்ணீர் வர வேண்டும். வரவில்லை என்றால் அந்த உயரத்தில் தண்ணீரே இல்லை. மேல்மாடி குளிர்ந்தது அதனால்தான். கீழே நிறைந்திருந்த தண்ணீர் கீழேயே சுற்றிக்கொண்டிருந்தது.

லாஃப்டில் ஏறினேன். தொட்டி நிறையத் தண்ணீர், மிதவை வால்வும் சரி. எனக்கு முன் வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டுத் திருப்தியாக இறங்கியிருக்க வேண்டும். தொட்டி நிறைந்திருப்பதால் அது கீழே இறங்குகிறது என்று ஆகிவிடாது. வெளிச்சுவரில் இருந்த வடிகால் வால்வைத் திறந்து இரண்டு வாளி எடுத்தேன். கறுத்த தண்ணீர். மீண்டும் ஏறிப் பார்த்தால் தொட்டியின் மட்டம் அசையவில்லை.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் காந்தம் வைத்திருப்பேன். செப்பில் காந்தம் ஒட்டாது. தொட்டிக் குழாய் வந்து 22 மி.மீ. குழாயோடு சேரும் முடிச்சு, சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரிக்குள் இருந்தது. குழாயோடு காந்தத்தை வழுக்கிக்கொண்டே போனேன். முடிச்சுக்குக் கிட்டே போனதும் என் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் ஒட்டியது.

ரேடியேட்டர்கள் உருக்கால் ஆனவை. உள்ளே மெதுவாக அரித்துக்கொண்டே இருக்கும். அந்த அரிப்பிலிருந்து வரும் கறுப்புத் தூள் மேக்னடைட், இரும்பு ஆக்சைடு. அது காந்தத்துக்கு இழுபடும். (அதே அரிப்பில் ஹைட்ரஜனும் உண்டாகும். காற்றுத் திருகைத் திறக்கும்போது வருவது வெறும் காற்று என்று நினைத்துச் சிகரெட்டோடு குனிகிறவர்களைக் கண்டிருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.) குளிர்ந்த தண்ணீர் சுடுதண்ணீரைச் சந்திக்கும் முடிச்சில் ஓட்டம் குறைவு, தூள் அங்கே படிந்து இறுகிவிடும். ஒரு சாண் நீளம் வெட்டி எடுத்தேன். உள்ளே கரி போல இறுகிக் கிடந்தது, ஒரு தீக்குச்சி நுழைய இடமில்லை.

அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப முதல் வந்தவை இதை ஏன் பாக்கேல்ல?"

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2008இல், தொழிலுக்கு வந்த புதிதில், ஈஸ்ட்ஹாமில் கைக்குழந்தை இருந்த வீடு ஒன்று. குளிக்கச் சுடுதண்ணீர் வருகிறது, ரேடியேட்டர் ஒன்றும் சூடாகவில்லை. பம்ப் பழுது என்று அன்றே மாற்றிக் காசும் வாங்கினேன். சூடு வரவில்லை. மறுநாள் எனக்குத் தொழில் பழக்கிய முதியவர் வந்து, தண்ணீரைத் தாங்கிக்கும் ரேடியேட்டர்களுக்கும் பிரித்துவிடும் மூன்றுவழி வால்வின் நெம்புகோலைக் கையால் தள்ளினார், அவ்வளவுதான். சுடுதண்ணீர்த் தாங்கிக்கும் அதே பம்ப்தான் தள்ளுகிறது. தாங்கி சூடானால் பம்ப் ஓடுகிறது என்று அர்த்தம். விடை என் கண்முன்னே இருந்தது, நான் யோசிக்கவில்லை. பம்புக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் என்னால் அந்தக் குழந்தை இன்னும் ஓர் இரவு குளிரில் கிடந்தது.

பாகம் மாற்றுவது சுலபம், பில்லில் எழுதவும் சுலபம். தண்ணீர் போகும் வழியோடு கூடவே போய்ப் பார்க்க ஒரு மணி நேரமாகும். அந்த ஒரு மணி நேரத்துக்குக் காசு கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள். கேளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஒரு ரேடியேட்டர் மட்டும் குளிர்ந்தால் அதன் வால்வின் ஊசி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். மேல்பக்கம் குளிர்ந்தால் காற்று, அடிநடு குளிர்ந்தால் அந்தக் கறுப்புத் தூள் படிந்த சேறு. இவற்றுக்கெல்லாம் பம்பைத் தொடவே வேண்டியதில்லை.

ஹரோ வீட்டில் சொன்னபடி பொயிலரை மாற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பிறகு யோசித்தேன். புதிய பொயிலரோடு தொட்டி தேவைப்படாத மூடிய அமைப்பு வந்திருக்கும், தொட்டியும் அந்தக் குழாயும் போயிருக்கும், மேல்மாடியும் சூடாகியிருக்கும். பொயிலர்தான் பிழை என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள். சேறோ ரேடியேட்டர்களுக்குள்ளேயே இருந்து, புதிய பொயிலரின் ஒடுங்கிய வெப்பமாற்றிக்குள் ஒருநாள் போய் உட்கார்ந்திருக்கும்.

புதுக் குழாய் போட்டு, தண்ணீர் தெளியும்வரை கழுவி, திரும்பிவரும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்று பூட்டி, அரிப்புத் தடுப்பு மருந்து ஒரு லிட்டர் ஊற்றினேன். பம்பை இரண்டாவது வேகத்துக்கு இறக்கினேன். கீழ் ரேடியேட்டர்களின் வால்வுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முடக்கி, மேலுக்கும் பங்கு போக வைத்தேன். அதற்குத்தான் அதிக நேரம் எடுத்தது. படுக்கையறைத் திருகைத் திறந்தபோது இம்முறை சீறல் அடங்கும் முன்பே தண்ணீர் துணியில் பீறியது.

வெட்டிய குழாய்த் துண்டை என் வான் வண்டியில் போடப் போனேன். "அதில பாதியைத் தாரும் தம்பி" என்றார் அம்மா. "அடுத்த முறை ஆரும் வந்தால் முதல்ல இதைத்தான் காட்டுவன்." இரண்டாக அறுத்து ஒரு பாதியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.