ஊதா மூடியும் சிவப்பு மூடியும்

லேப் அசிஸ்டென்ட் பயிற்சிக்குச் சேர்ந்தபோது என் மனதில் இருந்தது மைக்ராஸ்கோப் மட்டும்தான். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக் குனிந்து பார்ப்பேன், ஏதாவது கிருமி சிக்கும், நான் சொன்னதும் டாக்டர் தலையாட்டுவார். ஆனால் முதல் சில வாரங்களுக்கு அதன் உறையைக் கழற்றக்கூட விடவில்லை. டியூப்பில் பெயர் எழுது, ரேக்கில் அடுக்கு, ரிஜிஸ்டரில் பதி, ஸ்லைடைத் துடை, கை கழுவு, திரும்பக் கை கழுவு, இவ்வளவுதான் வேலை. (ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதே தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது. இரண்டையும் திறந்து வைத்துப் பார்க்கப் பழகாவிட்டால் கொஞ்ச நேரத்தில் கண் வலிக்கத் தொடங்கிவிடும்.)

டியூப் வரிசையை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்ப்பது) இருந்தால் அந்த பாட்டில் முதலில், அப்புறம் நீல மூடி, சிவப்பு, பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். நீலத்தில் ரத்தத்தை உறையவிடாத சிட்ரேட் இருக்கும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பின்னால் பார்க்க. சிவப்பில் ரத்தத்தை உறையவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் நீரான சீரத்தைப் பிரிப்போம். பச்சையில் ஹெபாரின், அதுவும் உறையவிடாத மருந்துதான். ஊதாவில் இ.டி.டி.ஏ., ரத்த அணுக்களை எண்ணுவதற்கு. சாம்பலில் ஃப்ளோரைடு, சர்க்கரைக்கு. பாட்டுப் போல ஒப்பித்தேன், பரீட்சையில் எழுதினேன், மார்க்கும் வந்தது. ஏன் இந்த வரிசை என்று மட்டும் நானும் கேட்கவில்லை, என் கூடப் படித்தவர்களும் கேட்கவில்லை.

மூன்றாவது மாதம், வார்டில் ஒரு வயதானவருக்கு ரத்தம் எடுக்கப் போனேன். நரம்பு கிடைக்கவே இல்லை (அது நரம்பு இல்லை, சிரை; ஆனால் ஊசி குத்துகிறவரும் சரி, குத்திக்கொள்கிறவரும் சரி, நரம்பு என்றுதான் சொல்வோம்). இரண்டாவது தடவை குத்தியதில் சிரிஞ்சில் கொஞ்சம் வந்தது. அவசரத்தில் ஊதா டியூப்பை முதலில் நிரப்பிவிட்டேன். சிவப்புக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிச்சம். பெரியவர் கையைத் தேய்த்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை குத்த மனசு வரவில்லை. ஊதாவில் தாராளமாகத்தான் இருக்கிறதே, ரத்தம் ரத்தம்தானே என்று அதன் மூடியைத் திறந்து சில சொட்டுகளைச் சிவப்பில் விட்டு அளவைச் சரிக்கட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் அருமையான சாம்பிள்.

மதியம் மெஷின் பொட்டாசியம் 7.4 என்று காட்டியது. சாதாரணமாக 3.5-லிருந்து 5 வரைதான் இருக்க வேண்டும். 7-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம், உடனே வார்டுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டிய எண். நான் போனை எடுத்தே விட்டேன். சீனியர் அக்கா, "கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டு அதே சாம்பிளின் கால்சியத்தைப் பார்த்தார். அது பாதாளத்தில் கிடந்தது. ரிப்போர்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "தம்பி, சிவப்பு டியூப்ல என்ன ஊத்துன?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஊதா டியூப்பில் இருப்பது இ.டி.டி.ஏ.வின் பொட்டாசிய உப்பு. அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் அதில் ரத்தம் உறைவதில்லை. அதிலிருந்து சில சொட்டு சிவப்புக்குள் போனால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். பாடத்தில் இருந்த விஷயம்தான், பரீட்சையில் எழுதியதும்தான். எழுதிய கைதான் ஊற்றியது.

அக்கா திட்டவில்லை, அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. "வார்டுக்கு நீயே போன் பண்ணு. சாம்பிள் சரியில்ல, திரும்ப எடுக்கணும், தப்பு எங்க பக்கம்னு சொல்லு" என்றார். சொன்னேன். பெரியவர் மறுபடி கையை நீட்டினார். இந்த முறை பொட்டாசியம் 4.3. அந்த முதல் எண்ணை நம்பி, இல்லாத பொட்டாசியத்தைக் குறைக்க அவருக்கு மருந்து ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ராத்திரி யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

அதற்கப்புறம் மெஷின்மேல் இருந்த மரியாதை எனக்குக் கொஞ்சம் மாறிவிட்டது. தினமும் காலையில் கண்ட்ரோல், அதாவது அளவு முன்பே தெரிந்த சாம்பிள், போட்டுப் பார்க்கிறோம், அளவு எல்லைக்குள் இருக்கிறதா என்று சார்ட்டில் புள்ளி வைக்கிறோம், எல்லாம் சரி. ஆனால் கண்ட்ரோல் மெஷினைத்தான் சோதிக்கும், ஊசி பிடித்த கையைச் சோதிக்காது. கட்டிய பட்டையை ஒரு நிமிடத்துக்குமேல் விட்டுவைத்தேனா, ஸ்பிரிட் காய்வதற்குள் குத்தினேனா, மெல்லிய ஊசியில் பலங்கொண்ட மட்டும் இழுத்துச் சிவப்பணுக்களை உடைத்தேனா, இதெல்லாம் அதற்குத் தெரியாது. அணுக்கள் உடைந்தால் சீரம் இளஞ்சிவப்பாகத் தெரியும், அதையாவது பிடித்துவிடலாம். பிரிக்காமல் மறந்துபோன டியூப்பில் அணுக்கள் பாட்டுக்குச் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும், மணிக்கு 5-லிருந்து 7 சதவீதம் வரை குறையும், பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் எவ்வளவு வேகமாக அடியில் படிகின்றன என்று பார்த்து, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று கணிக்கும் சோதனை) குழாய் கொஞ்சம் சாய்ந்து நின்றால் போதும், அணுக்கள் சுவரோரமாகச் சறுக்கி வேகமாக இறங்கி, இல்லாத அழற்சியை இருப்பதாகக் காட்டிவிடும். ரிப்போர்ட் மட்டும் எப்போதும் போல நேர்க்கோட்டில், தசமப் புள்ளியோடு, அழகாக அச்சாகி வரும்.

கைவேலை என்று பார்த்தால் எனக்குப் பிடித்தது ஸ்மியர் போடுவதுதான், அதாவது மைக்ராஸ்கோப்பில் பார்க்க ரத்தத்தை ஸ்லைடில் மெல்லிசாகப் பரப்புவது. ஸ்லைடின் ஒரு ஓரத்தில் குண்டூசித் தலையை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சொட்டு ரத்தம். இன்னொரு ஸ்லைடை 30, 45 டிகிரி சாய்வில் பிடித்துச் சொட்டுவரை பின்னால் கொண்டுவந்து தொட வேண்டும். ரத்தம் விளிம்பு முழுக்க ஓடிப் பரவுகிற அந்தக் கணம் காத்திருந்து, உடனே ஒரே இழுப்பாக முன்னால் தள்ள வேண்டும். பயந்து பயந்து தள்ளினால் படிக்கட்டு மாதிரி வரிவரியாக வரும், அழுத்தினால் பிய்ந்து போகும். சொட்டு பெரிதானால் ஸ்லைடின் கடைசிவரை தடிப்பாக ஓடும். சரியாக வந்தால் நாக்கு வடிவில் இருக்கும், நுனி இறகு மாதிரி மெலிந்து முடியும். அந்த நுனிக்குக் கொஞ்சம் முன்னால்தான் அணுக்கள் ஒன்றையொன்று மிதிக்காமல் தனித்தனியாக நிற்கும். என் முதல் ஸ்லைடுகளை அக்கா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கழிவுப் பெட்டியில் போட்டுக்கொண்டே இருந்தார். எத்தனையாவது என்று எண்ணவில்லை, ஒரு நாள் ஒன்றைப் போடாமல் சாயம் ஏற்றும் தட்டில் வைத்தார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் நான் வாங்கியதில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னைக் கேட்டால் சொல்வேன், பாடம் கஷ்டமில்லை. பெயர் கேட்பதுதான் கஷ்டம். சிரிக்காதீர்கள். "நீங்கதானே இன்னார்?" என்று கேட்டால் பாதித் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் "ஆமா" என்றுதான் சொல்வார். "உங்க பேர் என்ன, வயசு என்ன?" என்று கேட்டு அவர் வாயால் சொல்லவைத்து, சீட்டோடு ஒப்பிட்டு, ரத்தம் எடுத்த கையோடு அவர் கண்முன்னாலேயே லேபிள் ஒட்ட வேண்டும். முன்கூட்டியே ஒட்டிய காலி டியூப்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வார்டைச் சுற்றும் கெட்டிக்காரர்கள் உண்டு. நேரம் மிச்சமாகும்தான். ஒரே பெயரில் இரண்டு பேர் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கிற நாள்வரைக்கும்.

போன மாதம் புதிதாக ஒரு பெண் பயிற்சிக்கு வந்திருக்கிறாள். ஒரு பாட்டிக்கு ரத்தம் எடுத்துவிட்டு நீல டியூப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அண்ணா, டியூப்ல போட்டிருக்கிற அளவுக் கோட்டுக்குக் கீழயே ரத்தம் நின்னுடுச்சு. இது போதுமா?"

போதாது. நீல டியூப்பில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். ரத்தம் குறைந்தால் சிட்ரேட்டின் கை ஓங்கி, உறையும் நேரம் உள்ளதைவிடக் கூடுதலாக வரும். கோட்டைக் கைகாட்டி இதைச் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. சரி, வா, நானும் வருகிறேன் என்று கூடப் போனேன்.

பாட்டி இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். "இப்பத்தானே எடுத்துட்டுப் போன? அதை என்ன பண்ணின?" என்று அவளையும், "நீயெல்லாம் என்னத்தச் சொல்லிக் கொடுக்கிற?" என்று என்னையும் கேட்டுவிட்டு, பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கும்படி கொஞ்ச நேரம் திட்டினார். நாங்கள் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். திட்டி முடித்ததும் அவரே இன்னொரு கையை நீட்டினார். "இதுல குத்து. அதுல வலிக்குது."