எடைமேடை முதல் அறிக்கை வரை: எங்கள் அணுப்பொருள் கணக்கைச் சீரமைத்த அனுபவம்

அணு எரிபொருள் தயாரிக்கும் நிலையம் ஒன்றில் அணுப்பொருள் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். யுரேனியம் அமைதிப் பணிக்கு மட்டுமே பயன்படும் என்று பன்னாட்டு அணுசக்தி முகமைக்கு ஒரு நாடு தரும் உறுதிமொழி, கடைசியில் இப்படிப்பட்ட பதிவேடுகளை நம்பித்தான் நிற்கிறது. எங்கள் பதிவேடுகளில் தர மேலாண்மையைக் கொண்டுவந்த கதை இது.

தொடக்க இருப்புடன் வரவைக் கூட்டிச் செலவைக் கழிக்க வேண்டும். வரும் தொகையை, நேரில் எண்ணி எடைபோட்ட இருப்புடன் ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே 'கணக்கில் வராத அளவு'. அது பூஜ்யமாக இருக்காது. தராசுக்குப் பிழை உண்டு, குழாய்களிலும் வடிகட்டிகளிலும் யுரேனியத் தூள் தங்கும். அந்த வேறுபாடு அளவீட்டுப் பிழையின் எல்லைக்குள் அடங்குகிறதா என்பதுதான் கேள்வி. குறைசெறிவு யுரேனியத்தில், எளிதில் பிளவுறும் வகையான யுரேனியம்-235 மட்டும் 75 கிலோ இருந்தால், அதை முகமை 'குறிப்பிடத்தக்க அளவு', அதாவது அணுகுண்டு செய்யும் வாய்ப்பை மறுக்க முடியாத அளவு, என்று கருதுகிறது. ஆண்டு முழுவதும் டன் கணக்கில் பொருள் புழங்கும் இடத்தில், சின்னப் பிழையும் சேர்ந்து வளரும்.

விதிமுறைக் கோப்புகளை எழுதுவதில் நாங்கள் தொடங்கவில்லை. உள்ளே வந்த ஒரே ஒரு தூள் கலனைப் பின்தொடர்ந்தோம். எடைமேடை, மாதிரி எடுக்கும் இடம், ஆய்வகம், பதிவேடு என்று அது போன வழியெல்லாம் போனோம். அனுப்பியவர் எழுதிய எடை முதலில் பதிவாகிறது. எங்கள் ஆய்வக முடிவு பின்னர்தான் வருகிறது. இடையில் தூள் ஈரம் உறிஞ்சியிருந்தால் இரண்டு எண்களும் ஒத்துவராது. எந்த எண்ணை எப்போது, யார் மாற்றுவது என்று எங்குமே எழுதப்படவில்லை! அனுபவம் மிக்க ஒருவரின் நினைவில்தான் அந்த நடைமுறை இருந்தது.

அதை எழுத்தில் கொண்டுவந்தோம். பழைய எண்ணை அழிக்காமல், திருத்தத்தைக் காரணத்துடன் தனி வரியாகப் பதிவதைக் கட்டாயமாக்கினோம். தராசுகளின் அளவுத்திருத்தச் சான்றுகள் ஒவ்வொரு எடையுடனும் இணைக்கப்பட்டன. இருப்பில் நேர்ந்த வரவு செலவைச் சொல்லும் இருப்பு மாற்ற அறிக்கை, மாதம் முடிந்து 30 நாட்களுக்குள் முகமைக்குப் போயாக வேண்டும். முன்பு கடைசி வாரத்தில் பதற்றமாக நடந்த அந்த வேலை இப்போது அன்றாடப் பணியாகிவிட்டது.

வெளியாரின் பார்வை இல்லாமல் இது முழுமை பெற்றிருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். அணுப்பொருள் அமைதிப் பணிக்கே பயன்படுவதை உறுதிசெய்யும் அமைப்புகள் சேர்ந்து 2009இல் உருவாக்கிய ஆசிய-பசிபிக் கண்காணிப்பு வலையமைப்பின் வழியாக அண்டை நாட்டு வல்லுநர்கள் அறிமுகமானார்கள். அவர்களிடம் எங்கள் நடைமுறைகளைக் காட்டினோம். "இந்தப் படிவத்தை நிரப்புபவர் விடுப்பில் போனால்?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே மாற்று ஆள் பயிற்சியைத் தொடங்கினோம். அதே வேலையைத் தினமும் செய்பவர்களின் கேள்வி, தணிக்கையாளரின் கேள்வியைவிட ஆழமாகப் பாய்கிறது.

பின்னர் முகமையின் ஆய்வாளர்கள் வந்தார்கள். தாங்களே தேர்ந்தெடுத்த கலன்களை எடைபோட்டார்கள், காமா கதிர் அளவீடு செய்தார்கள், மாதிரி எடுத்தார்கள், முத்திரைகளைச் சரிபார்த்தார்கள். ஓர் எண்ணின் மூலத்தைக் கேட்டபோது, கலன் எண்ணிலிருந்து தராசுச் சான்று வரை உடனே எடுத்துக்காட்ட முடிந்தது.

குழாய்களில் தங்கும் தூளை அளப்பதில் மட்டும் எங்கள் பிழை வரம்பு இன்னும் அகலமாகவே இருக்கிறது. அண்டை நாட்டு நண்பர்கள் தங்கள் அளவீட்டு முறையை அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த இருப்புச் சரிபார்ப்புக்கு முன் அதைச் சோதித்துப் பார்க்கிறோம்.